சக்கையோடு பட்ட பாடு

ஜூஸ் கடை நடத்துகிறவர்களே, பழத்துக்குள் இருக்கிற சதை நம்மைப் படுத்துகிற பாடு வேறு யாருக்குத் தெரியும்! வருகிறவர்களில் சிலர் அதைப் ‘பல்ப்’ என்பார்கள், சிலர் சதை என்பார்கள், பிடிக்காதவர்கள் சக்கை என்பார்கள். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் கடை போட்ட வாரமே மனைவி சொல்லிவிட்டாள்: “கோயில் தேர் முடியிறதுக்குள்ள யாவாரம் பிடிக்கலன்னா, மூடிட்டு எங்கண்ணன் கராஜுக்கு வேலைக்குப் போங்க.” மச்சானுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வாழ்க்கைக்கு நான் தயாரில்லை.

வடித்தது

பெரிய ஹோட்டல்காரன் என்ற நினைப்பில், தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் சாற்றை மெல்லிய துணியில் இரண்டு தரம் வடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. இரத்தோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய ஓர் அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏந் தம்பி, இந்தத் தண்ணி பழத்துக்குப் பக்கத்தால போயிட்டு வந்ததா?”

வடிக்காதது

ரோஷம் வந்தது. மறுநாள் வடிதுணியைத் தூக்கிப் போட்டேன். விளாம்பழத்தை நாரும் விதையுமாகக் கரைத்து, ஸ்ட்ரோ போட்டு, லக்கல போகும் பஸ் கண்டக்டரிடம் நீட்டினேன். அவர் உறிஞ்சினார், கன்னம் இரண்டும் ஒட்டிப்போனதுதான் மிச்சம். டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர் கிளாஸைத் திருப்பி நீட்டினார்.

“அண்ணே, இத இழுக்கிறத விட எங்க பஸ்ஸ மேட்டுல தள்ளுறது லேசு.”

அரைத்தது

தேருக்குச் சில நாள்தான் இருந்தது. எதிர்த் துணிக்கடை ஹாஜியார், தன் மகள் கல்யாணத்துக்கு ஜூஸ் வேண்டும் என்றார், முதலில் ருசி பார்க்க ஒரு கிளாஸ் கேட்டார். இது கிடைத்தால் கடை தப்பும். வடித்தாலும் குற்றம், வடிக்காவிட்டாலும் குற்றம், அரைத்துவிட்டால் என்ன என்று பெஷன் ஃப்ரூட்டை விதையோடு பிளெண்டரில் போட்டுச் சுற்றவிட்டேன். எப்பேர்ப்பட்ட மூளை!

ஹாஜியார் குடித்தார். பிறகு மென்றார். அரைபட்ட விதை மணல் போலக் கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது. பின்னால் மனைவி நின்றாள். கராஜ் கண்ணுக்குள் வந்து போனது. அவர் வாயைத் துடைத்துவிட்டு, நான் அழகுக்காக வெட்டி அடுக்கியிருந்த பப்பாசியையும் அன்னாசியையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஜூஸ் வாணாம் மகன். கல்யாணத்துக்கு இப்பிடியே பழத்த வெட்டி வைங்க. இதுல நீங்க செய்ற வேல கொஞ்சம், அதால நல்லா ஈக்கும்.”

பழத்தைப் பழமாகவே விட்ட அன்றுதான் என் ஜூஸ் கடைக்கு நல்ல பெயர் கிடைத்தது.