ஆயில் இல்லாமல் ஓடிய தூரம்

பார்சலம்மாவின் ஹெல்மெட் அவள் தலையைக் காப்பாற்றியதைவிட அடுத்தவர் மண்டையை உடைத்ததுதான் அதிகம். மொத்தம் மூன்று பேர். முதலாமவன் பார்சல் குடோன் வாசலில் அவள் வண்டியை விளையாட்டாக ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகும் முன்பே ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கியவன். மூக்கு உடைந்து ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை. இரண்டாமவன் ஒரு வழிப்பறிக்காரன், அவனுக்காக யாரும் கண்ணீர் விடவில்லை. மூன்றாமவர் அவள் புருஷன். பதினோரு வருஷம் அவர் கை நீட்டியதற்கு ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டாள். பிறகு அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேரும்வரை அந்த வீட்டில் யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயது அவளுக்கு. வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வண்டி நூறு சிசி, பார்க்க லட்சணமாக இருக்காது. டேங்கில் சொட்டை, சீட்டில் ஒட்டு. ஆனால் கிலோமீட்டர் மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடியும் எண்பத்தாறாயிரத்தில் நின்றது. இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. நம்பாதவர்களைத் தெருமுனை மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவாள். குள்ளமாக, ஓயாமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருப்பதால் அவருக்குப் பிஸ்டன் என்று பேர்.

"என்கிட்ட வர்றதுல பாதி வண்டி நாப்பதாயிரத்துலயே வாயைப் பொளந்துடுது" என்பார் பிஸ்டன். "கம்பெனி சரியில்லைன்னு வந்து கத்துவானுங்க. எப்பய்யா கடைசியா ஆயில் மாத்தினேன்னு கேட்டா மோட்டுவளையைப் பாப்பானுங்க. அந்தம்மா ரெண்டாயிரம் ஓடினா ஆயிலை இறக்கிடும். ஃபில்டர்ல தூசி நிக்க விடாது. காலையில ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுத்தான் கியரையே தொடும். மேட்டுல டாப் கியர்ல திணற விடாது. இதுல என்னய்யா வித்தை இருக்கு? பொறுமை வேணும், அவ்வளவுதான்."

பொறுமையாம்! அந்தப் பொறுமையில் கால்வாசியை மனுஷர்களிடம் காட்டியிருந்தால் அவளைத் தெருவில் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். இன்ஜினுக்கு ஒரு நிமிஷம் கொடுப்பாள், எதிரே நிற்கிறவனுக்கு அரை நொடி கொடுக்கமாட்டாள். சண்டை என்று வந்துவிட்டால் முன்யோசனை கிடையாது, பின்யோசனையும் கிடையாது.

அப்படிப்பட்டவள் ஏமாந்தது மருமகன் விஷயத்தில். பெண் பார்க்க வந்த அன்று அவன் வண்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. வண்டியை இப்படித் துடைத்து வைக்கிறவன் பெண்டாட்டியையும் நன்றாக வைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். மேலே துடைத்ததைப் பார்த்தவள், ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று திறந்து பார்க்கவில்லை. இதை அவளே பிற்பாடு சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

மருமகனுக்கு பைக் டாக்ஸி ஓட்டுகிற தொழில். நான்கு வருஷத்தில் மூன்று இன்ஜின்களைக் கொன்றான். ஒன்றை மேட்டில் மூட்டையேற்றித் திணறடித்தே தேய்த்தான். இன்னொன்றை வெள்ளத்தில் விட்டு, தண்ணீர் புகுந்ததும் விடாமல் உதைத்து உதைத்துக் கனெக்டிங் ராடை வளைத்தான். மூன்றாவதில் ஆயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனான். அதே நான்கு வருஷத்தில் மகளுக்கு ஒரு மணிக்கட்டு, ஒரு விலா, கடைசியாக இரண்டு முன்பல். பல் போன அன்றுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். ஒரே மகள். அம்மா அவள் வாயைக் கழுவிவிட்டாள். அப்புறம் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகள் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

"வேணாம்மா. நீ ஜெயிலுக்குப் போயிட்டா நான் எங்க போறது? நான் இனிமே அங்க போகலை. அது போதும்."

அது போதும் என்றுதான் பார்சலம்மாவும் இருந்தாள். இனி அவளை அவன் கையில் விடுவதில்லை. இந்த ஒன்றைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறு வேலையே இல்லாமல் போனது. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தையல் கம்பெனியில் மகளைச் சேர்த்துவிட்டாள். காலையில் தானே கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் தானே கூட்டிவருவாள். உள்ளே போகிறவர்கள் போனை வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அதுவும் நல்லதுதான், அவன் கூப்பிட்டுத் தொல்லை பண்ணமாட்டான் என்று நினைத்தாள்.

மகள் வந்த பதினைந்தாம் நாள், அவளைக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்து வாசலில் வண்டிக்கு ஆயில் மாற்ற உட்கார்ந்தாள். சூட்டோடு இறக்கினால்தான் அழுக்கெல்லாம் சேர்ந்து வரும். அடிபோல்ட்டைக் கழற்றித் தட்டு வைத்து அரைமணி நேரம் விட்டாள். மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் மூடிவிடுவார்கள், இவளுக்குக் கடைசிச் சொட்டும் விழ வேண்டும். விழுந்ததும் போல்ட்டைத் திருகி இறுக்கினாள். புது ஆயில் டப்பா படிக்கட்டில் மூடி திறக்காமல் இருந்தது. குடோன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆயில் இறக்கின வண்டியின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். துணி தொங்கினால் யாரும் அந்த வண்டியைத் தொடமாட்டார்கள். இவள் தன் வீட்டு வாசலிலும் அப்படித்தான் கட்டியிருந்தாள்.

மருமகன் தெருவில் நடந்து வந்தான். அவனுடைய மூன்றாவது இன்ஜின் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அத்தை, அவளை வரச் சொல்லுங்க."

"அவ இல்லை மாப்பிள்ளை. நீங்க போங்க."

"புருஷன் வந்து நிக்கிறேன், உள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு நாடகமா ஆடுறீங்க?"

உள்ளே போக ஓரடி வைத்தான். பார்சலம்மா கையிலிருந்த பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரால் அவன் முழங்காலில் போட்டாள். மடங்கி விழுந்தவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே விழுந்தான். ஆயில் தட்டு கவிழ்ந்தது. கறுப்பு ஆயிலில் இரண்டு பேரும் புரண்டார்கள். அவள் அவன் நெற்றியில் இன்னொன்று வைத்தாள், தோல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவதில் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. வயிற்றில் ஒரு உதை விட்டான். இத்தனைக்கும் நடுவில் அவள் "விடுங்க மாப்பிள்ளை" என்றுதான் கத்தினாள். பழக்கம் அப்படி, கொலை விழும் நேரத்திலும் மரியாதை வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். கட்டிலடியில் ஆள் இல்லை, கதவுக்குப் பின்னாலும் இல்லை. படிக்கட்டில் கிடந்த அவள் போனைக் காலால் மிதித்து நொறுக்கினான்.

"தையல் கம்பெனியிலதானே இருக்கா? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? இப்பவே கூட்டிட்டுப் போறேன். இந்த ஜென்மத்துல நீங்க அவ முகத்தைப் பாக்கமாட்டீங்க."

வண்டிச் சாவி வண்டியிலேயே இருந்தது. அவன் கைப்பிடியில் கட்டியிருந்த துணியை உருவினான். நெற்றி ரத்தத்தை அதில் துடைத்தான். கையிலிருந்த ஆயிலைத் துடைத்தான். பிறகு சுருட்டி அவள் முகத்திலேயே எறிந்தான்.

அந்த இடத்தில் பார்சலம்மா வாயைத் திறந்தாள். 'ஆயில் இல்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் டப்பா பக்கத்திலேயே இருந்தது, ஊற்றிக்கொண்டு போயிருப்பான், ஆறு கிலோமீட்டரை ஒன்பது நிமிஷத்தில் கடந்து மகளை அள்ளிக்கொண்டு போயிருப்பான். சொல்லாவிட்டால்? வறண்ட இன்ஜின், அதை ஓட்டுகிறவன் கை எப்படிப்பட்டதென்று ஊருக்கே தெரியும். மூன்று கிலோமீட்டர் தாண்டாது. பிஸ்டன் இறுகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவான். பதினாலு வருஷம் சோறு போட்ட இன்ஜின் அதோடு போகும். போகட்டும். விழுந்து சாகட்டும் என்றுதான் நினைத்தாள், இதில் மழுப்ப ஒன்றுமில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவன் உதைத்தான். முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்தது.

சுவரில் சாய்ந்து அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. சிரித்தாள் என்று எதிர்வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள். பிறகு எழுந்து, முகத்தைக்கூடக் கழுவாமல், ஒரு ஆட்டோவை மறித்து ஏறினாள். விழுந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"எங்கம்மா? ஆஸ்பத்திரியா?" என்றார் ஆட்டோக்காரர், அவள் கோலத்தைப் பார்த்து.

"நேரா போங்க. வழியில ஒரு வண்டி விழுந்து கிடக்கும். அங்க நிறுத்துங்க."

ஒரு கிலோமீட்டர் ஆனது, பெட்ரோல் பங்க். வண்டி இல்லை. இரண்டாவது, பள்ளிக்கூடத்துச் சுவர். இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மேடு வரும். நிச்சயம் அங்கேதான் என்று ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு பார்த்தாள். மேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அங்கேதான் அவளுக்கு உறைத்தது. இரண்டாயிரத்துக்கு ஒரு தடவை நல்ல ஆயில் குடித்த இன்ஜின் அது. தேய்மானம் இல்லாத பிஸ்டன், கீறல் இல்லாத சிலிண்டர். கடைசிச் சொட்டை இறக்கினாலும் உலோகத்தில் ஊறிய பிசுக்கு இருக்குமே! அவன் வண்டியாக இருந்தால் ஒரு கிலோமீட்டரில் மண்டையைப் போட்டிருக்கும். இது அவள் வண்டி.

"சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க" என்று ஆட்டோக்காரரின் முதுகில் அடித்தாள். கம்பெனிக்குச் சொல்லலாமென்றால் அந்த நம்பர் நொறுங்கிய போனோடு போயிருந்தது. நான்கு, ஐந்து. நின்று தொலை, நின்று தொலை என்று வழி முழுக்கத் தன் வண்டியைத் திட்டிக்கொண்டே போனாள்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்து எழுந்து நின்றார்.

"என்னம்மா இது ரத்தம்? இப்பதானே உங்க மாப்பிள்ளை வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போனாரு. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னாரே?"

"எந்தப் பக்கம்?"

அவர் பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

பாலம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். பாதி வழியிலேயே லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. இறங்கி ஓடினாள். பாலத்தின் நடுவில் கூட்டம். தார் ரோட்டில் பின்சக்கரம் இழுத்த கறுப்புக் கோடு பத்தடிக்கு நீண்டிருந்தது. வண்டி தடுப்புச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது, இன்ஜின் சூட்டில் இன்னும் சடசடத்தது. மருமகன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து அழுதான். மகள் நடுரோட்டில் கிடந்தாள். பின்னால் வந்த லாரி அவள் இடது காலின் மேல் ஏறி நின்றிருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து லாரியைப் பின்னால் தள்ளினார்கள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மகள் தெளிவாகப் பேசினாள். பார்சலம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், தலையில் தையல் போட்டிருந்தது.

"அவன் வந்தான்னா நீ வெளிய வந்திருக்கக் கூடாதுடி" என்றாள், அழுதுகொண்டே. "ஏன் ஏறினே?"

"அவர் வண்டியா இருந்தா ஏறியிருக்கமாட்டேம்மா. வாசல்ல உன் வண்டி நின்னுது. நீ யார் கையிலயும் குடுக்கமாட்டே. நீயே குடுத்து அனுப்பிருக்கேன்னா உனக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

மகள் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திடீர்னு பூட்டிக்கிச்சும்மா. உன் வண்டிக்கு எப்படி அப்படி ஆச்சு?"

யாரிடமும் அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரை அடித்தவள், யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"ஆயில் இல்லை. இறக்கி வெச்சிருந்தேன். அவன் எடுக்கும்போதே எனக்குத் தெரியும். சொல்லலை."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"உன்கிட்ட வந்து சேரமாட்டான்னு நினைச்சேன்டி. மூணு கிலோமீட்டர்ல நின்னுடும்னு நினைச்சேன்."

மகள் பல் போன வாயைக் கையால் மறைக்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"உன் வண்டி என்னைக்கும்மா பாதி வழியில நின்னிருக்கு?"