ஆமோஸைப் பற்றிப் பேசிய ஞாயிறு

எழுபதுகளின் கடைசியில், சாலவாக்கம் பக்கத்துச் சேரியில் இருந்த சிறிய கிறிஸ்தவக் கோயிலில் என் கணவர் உபதேசியாராக இருந்தார். சபையார் எல்லோரும் அறுவடைக் கூலிகள். ஓர் அறுப்பில், கூலி நெல் அளக்கும் மரக்காலுக்குள் பண்ணைக்காரர் பலகை வைத்து அளவைக் குறைத்திருப்பதைப் பெண்கள் கண்டுபிடித்து, என் கணவரிடம் வந்து அழுதார்கள்.

அந்த ஞாயிறு அவர் பைபிளில் வரும் ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றிப் பேசினார். "அவரு ஆடு மேய்ச்சிக்கினு இருந்தவரு. அளவைக் கொறைச்சி ஏழையை ஏமாத்திட்டு இன்னா பண்டிகை கொண்டாடினாலும் கடவுளுக்குப் புடிக்காதுன்னு பெத்தேல் கோயிலுக்கே போய்ச் சொன்னாரு. இன்னிக்கு வந்தா நம்ம களத்து மரக்காலைத்தான் கேப்பாரு." எல்லோரும் உரக்க ஆமென் சொன்னார்கள்.

மறுவாரம் உத்திரமேரூரிலிருந்து, சுற்றுவட்டாரத்து உபதேசியார்களுக்கெல்லாம் மேலதிகாரியான போதகர் வந்தார். "பண்ணைக்காரர் ரொம்ப வருத்தப்படுறாரு. கோயில் கட்ட எடம் குடுத்ததே அவருதான். நீங்க வேற ஊர்ல போய் ஊழியம் பண்ணுங்க" என்றார்.

"ஐயா, பெத்தேல் ஆசாரியனும் ஆமோஸை இப்படிச் சொல்லித்தான் தொரத்தினான்" என்றார் என் கணவர்.

"தெரியும். நானே அதைப் பிரசங்கம் பண்ணியிருக்கேன்" என்றார் போதகர். "இந்த வாரத்துக்குள்ள சபை வூட்டைக் காலி பண்ணிடுங்க."

நாங்கள் பஸ் ஏறியபோது ஒரே ஒரு பெண்தான் வழியனுப்ப வந்தாள். "அக்கா, நாளைக்கும் நாங்க அவரு களத்துக்குத்தான் போவணும்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

போதகரை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று வேதம் சொல்வது எனக்கும் தெரியும்.