இன்னும் இனிக்கிற பீர்

1920களில் ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த அக்கா, வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். நெட்டையானவர், நெற்றியில் எப்போதும் வியர்வை. த்வாண்டே ஊர்க் குயவர்கள் செய்த மண்சாடியில் நுரை அடங்கிய பிறகும், தினமும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பாரே தவிர, புட்டியில் அடைக்க மாட்டார்.

“நுரைதான் அடங்கிருச்சே அக்கா, இன்னும் என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இன்னும் இனிக்குதும்மா. இனிப்போட அடைச்சா புட்டி வெடிச்சிரும். அப்படித்தான் ஒருதடவை அவசரப்பட்டேன். இவருக்கு ஒரு கண்ணு போச்சு.”

பக்கத்திலிருந்த கணவர் சிரித்தார். “இன்னொரு கண்ணு இருக்குல்ல? அடைச்சிரு!”

அக்கா சிரிக்கவில்லை.

பீர் பக்குவமானதும் கணவரை எங்கள் மாடிக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகவே அடைத்தார்.

“கண்ணு போனதை நான் எப்பவோ மறந்துட்டேன்மா,” என்றார் கணவர் என்னிடம். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.