எனக்குப் பதில் அவர்

பாப்பா, தம்பி, உங்கள் அப்பா எப்படிச் செத்தார், எப்படிப் பிழைத்தார் என்பதை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது. கல்யாண வீடுகளில் உங்கள் மாமா இதைச் சொல்லும்போது நான் நிஜமாகவே ஆற்றில் நீந்திக் கரையேறுகிறேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். கதை கட்டுகிறவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, எனக்குக் கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் எனக்கு இடம் முகூர்த்தப் புடவை மெத்தை. வெள்ளைத் துணி விரித்த அந்த மெத்தையில் எல்லாரையும் உட்கார வைக்க மாட்டார்கள். பெண்ணுக்குத் தாலி கட்டும் நேரத்தில் உடுத்தும் புடவையைக் கடையில் முதலில் யார் பிரிக்கிறார் என்று பார்க்கிற குடும்பங்கள் இன்னமும் வருகின்றன. விலையைக் கேட்பதற்கு முன்னால் என் குடும்பத்தைக் கேட்பார்கள்.

“ஏம்பா, உனக்கு சம்சாரம் இருக்குதா?”

“இருக்குதும்மா.”

“புள்ளைங்க?”

“ஒரு பொண்ணு, ஒரு பையன்.”

“அப்ப நீயே பிரிப்பா.”

உங்கள் அம்மாவும் நீங்களுமாக மூன்று பேர் புண்ணியத்தில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் இருந்தது. எனக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் டிவி சீரியல்காரர்கள் எங்கள் கடையில் படம் பிடிக்க வந்தார்கள். கதாநாயகிக்கு முகூர்த்தப் புடவை எடுக்கும் காட்சி. கடைக்காரராக நடிக்க வேண்டியவர் வரும் வழியில் சாலை மறியலில் மாட்டிக்கொண்டார். டைரக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டி, “அண்ணே, தினமும் பிரிக்கிற மாதிரியே பிரிங்க, கேமராவ மட்டும் பாக்காதீங்க” என்றார். பிரித்தேன். விளக்குச் சூட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கண்ணாடி போட்ட ஒருவர் மூலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கதை எழுதுகிறவர் அவர்தான். என் கண்ணைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“யோவ், இவருதான்யா அவளோட அப்பா.”

பக்கத்தில் நின்ற உதவி டைரக்டர் பயந்து பயந்து சொன்னார்: “சார், அவளோட அப்பா மிலிட்டரில செத்துட்டாருன்னு சொல்லிட்டோமே சார்.”

“அது வளர்த்த அப்பா.”

காபி ஆறுவதற்குள் ஓர் அப்பா போய் இன்னோர் அப்பா வந்தாயிற்று.

அதன் பிறகு வார லீவு நாட்களில் சென்னைக்குப் போய் நடித்தேன். பெற்ற மகள் என்று தெரியாமல் மகளுக்குப் புடவை காட்டுகிற தகப்பன். கொஞ்ச நாளில் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. சொல்லப் போகும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டுவார்கள். பிறகு எனக்கு ஓர் இருமல் கொடுத்தார்கள். நல்ல உடம்புதானே, எதற்கு இருமல் என்று உதவி டைரக்டரைக் கேட்டேன். “சும்மா இருக்கட்டும்ணே, எப்பவாச்சும் தேவைப்படும்” என்றார். சீரியலில் ஒருவனுக்கு இருமல் கொடுத்தால் அவனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது.

தை பிறந்தது. கடையில் கல்யாணக் கூட்டம். வார லீவையும் முதலாளி நிறுத்திவிட்டார். “சென்னை கின்னைன்னு போனா அங்கியே இருந்துக்கோ” என்றார். வர முடியாது என்று உதவி டைரக்டருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவே இல்லை. “பரவால்லண்ணே, உங்க போட்டோ ஒண்ணு இருக்குது. அதுக்கு லீவு தேவையில்ல” என்றார்.

என்ன சொல்கிறார் என்று அடுத்த வாரம் புரிந்தது. இருமிக்கொண்டே கார் ஓட்டிப்போய்ச் செவிலிமேட்டுப் பாலத்திலிருந்து பாலாற்றில் விழுந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் சட்டையைப் போட்ட பொம்மை விழுந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, உடல் கிடைக்கவில்லை என்று போலீஸ்காரர் வந்து சொன்னார். அந்த வாரம் பாலாற்றில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர். எங்கள் கடையில் பில் போடுகிற பாய் கேட்டார்: “என்னாபா, பாலாத்துல உழுந்தா முட்டிதானே பேந்துக்கும், ஆள் எப்படிப்பா காணாமப் போவான்?”

பிறகு போட்டோ வந்தது. பெரிய சட்டம், சந்தன மாலை, சிவப்பு பல்பு. கதாநாயகி தினமும் அதற்கு முன்னால் நின்று அழுதாள். அவள் அழுவதை மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று காட்சியை நீட்டிக்கொண்டே போனார்கள். உங்கள் அம்மா அன்று டிவியை அணைத்தவள்தான், அதன் பிறகு சீரியல் வரும் ஏழு மணிக்கு அதைத் தொடவே இல்லை.

“நான் இங்க பூ வெச்சிக்கினு, பொட்டு வெச்சிக்கினு சோறு பொங்கிக்கினு இருக்கேன். அவன் அங்க மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏத்துறான். எவன்யா அந்தக் கதை எழுதறவன்? அவன் போட்டோவுக்குப் போடட்டுமே!”

நான் சிரித்தேன். கடைக்குப் போனதும் சிரிப்பு நின்றது. திருப்புட்குழியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அரக்கு நிறத்தில் ஒரு புடவையை எடுத்து மடிப்பில் கை வைத்தேன். பெண்ணின் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருப்பா, பிரிக்காத. ஏய், இவுரு போட்டோவுக்கு மாலை போட்டிருந்தாங்கல்ல?”

“அம்மா, அது நடிப்பும்மா. என் சம்சாரம் நல்லா இருக்குது. பொண்ணு, பையன்…”

“உனக்கு நல்லதுதாம்பா. எங்களுக்கு எதுக்கு வம்பு? வேற ஆளக் கூப்புடு.”

ஒரு குடும்பத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வாரம் வந்ததில் பாதிப்பேர் என் முகத்தைப் பார்த்ததும் அடுத்த மெத்தைக்கு நகர்ந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீ கொஞ்ச நாள் மாடில துண்டு வேட்டி பக்கம் உக்காரு. சாவுக்குக் கோடித்துணி எடுக்க வர்றவங்க உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். மாடியில் உட்கார்ந்து கீழே மற்றவர்கள் புடவை பிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் திரும்பக் கிடைக்காவிட்டால் கடையில் என்னை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று முதலாளி ஒரு நாள் யோசிக்கத்தான் செய்வார்.

உங்கள் அம்மாதான் என்னைச் சென்னைக்குத் துரத்தினாள். “செத்தவன எழுப்பறது அவங்களுக்குப் புதுசா? போய்க் கேளு.”

சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் கதை எழுதுகிறவர் பாயில் படுத்துக்கொண்டு வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். உதவி டைரக்டர் எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கதை எழுதுகிறவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“வாங்க மாட்டேங்கறாங்களா? நிஜமாவா? அவ்ளோ ரீச் ஆயிருக்குதா?”

“சார், என் பொழப்பு போவுது சார்.”

“அந்தப் பெரியம்மா என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க. யோவ், எழுதிக்கோ, எழுதிக்கோ.”

அப்படியே சொன்னேன். அடுத்த வாரமே அது சீரியலில் வந்தது, வில்லியின் வாயில். எனக்கு நியாயம் கேட்கப் போனவன் அவர்களுக்கு ஒரு காட்சி கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது மட்டும் அவர் என் தோளைத் தட்டி, “உடம்பு கிடைக்கலன்னுதானே வெச்சிருக்கோம்? கவலைப்படாதீங்க” என்றார்.

கொஞ்ச நாளில் ஓர் ஆஸ்பத்திரி காட்டினார்கள். முகமெல்லாம் கட்டுப் போட்ட ஒருவர் படுத்திருந்தார். விரல் மட்டும் அசைந்தது. உதவி டைரக்டர் போன் செய்தார்.

“அண்ணே, உங்கள உயிரோட கொண்டாந்துட்டோம்.”

“ரொம்ப சந்தோசம்பா. எப்ப வரணும்?”

“நீங்க வர வேணாம்ணே.”

ஒரு வாரம் முழுக்க அந்தக் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே வேறொருவர் இருந்தார். சினிமாவில் எல்லாம் நடித்தவர், நல்ல சிவப்பு. கீழே எழுத்து ஓடியது: இனி இவருக்குப் பதில் இவர். விபத்தில் முகம் சிதைந்து டாக்டர் புது முகம் வைத்தாராம். அந்த டாக்டர் புது மூக்கு வைத்தார், புது உயரமும் வைத்திருந்தார். இருமல் போன இடம் தெரியவில்லை.

எனக்கு என்னவோ போல் இருந்தது. உங்கள் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். “மாலைய எடுத்துட்டானா?”

“எடுத்துட்டான்.”

“அது போதும். மூஞ்சி யாருதா இருந்தா நமக்கென்ன?”

முதலாளி என்னை மறுபடியும் கீழே உட்கார வைத்தார், சோதனைக்காக. முதலில் வந்த கூட்டத்தில் ஓர் அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். என் கை மடிப்பிலேயே நின்றது.

“நீங்க அந்த சீரியல்ல வர்ற அப்பாதானே?”

பில் மேசையில் பாய் நிமிர்ந்து பார்த்தார். முதலாளியும் பார்த்தார்.

“அவரு வேறங்கம்மா” என்றேன். “இப்பதான் ஆஸ்பத்திரில கட்டு பிரிச்சாங்களே, பாக்கலியா?”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். “ஆமா ஆமா, அவுரு நல்ல செவப்பு. நீங்க பிரிங்க.”

பிரித்தேன். எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இடம் என்னுடையதாகவே இருக்கிறது. யார் கேட்டாலும் நான் அவரில்லை. பழைய போட்டோவை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. மாலை போட்டது புது நடிகருக்குத்தான் என்று என்னிடமே அடித்துச் சொன்னவர்கள் உண்டு. ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன்.

தகப்பனும் மகளும் சேர்ந்த நாள் என் வார லீவில் வந்தது. நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் பார்த்தேன். இந்த முறை யாரும் கதவைத் தட்டவில்லை. அந்தப் பெண் ஓடிவந்து அந்தச் சிவப்பு மனிதரைக் கட்டிக்கொண்டு, “எங்கப்பா போயிட்டீங்க, இத்தனை நாளா எங்கப்பா போயிட்டீங்க?” என்று கதறினாள். அவர் பதில் சொல்லவில்லை, அழுதார். நன்றாகத்தான் அழுதார். கேமரா மூன்று பக்கத்திலிருந்தும் அவரைக் காட்டியது. அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

நான் எழுந்து எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினேன். டிவிக்குக் கிட்டே போய், “கடையில சீசன்மா, லீவு குடுக்கல” என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.