ஊருணியில் நான் விட்ட மீன்

கொசு ஒழியட்டுமென்று மானகிரி ஊருணியில் வெளிநாட்டுக் கம்பூசியா மீனை விட்ட மேதாவி நான்தான். மாலை போட்டுப் படம்கூட எடுத்துக்கொண்டேன்.

மறுவருடம் கரையில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம். தன் நிழல் தலைப்பிரட்டைகள் கிடந்த பிளாஸ்டிக் பேசின்மேலேயே விழும்படி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

என் மீன் நீந்திய தண்ணீரை அதில் ஊற்றினார். தலைப்பிரட்டைகள் பாட்டுக்கு விளையாடின. விரால் கிடந்த தண்ணீர் விழுந்ததும் எல்லாம் இலைக்கடியில் ஒளிந்தன.

“விரால் வாசம் தெரியும்ணே, ஓடிருதுக. நீங்க விட்டீகளே, அது புதுசு. கடிச்சுத் திங்கிறப்பவும் சும்மா கிடக்குதுக.”

சமாளிக்கச் சிரித்தேன். “எங்க மேனேஜரைக் கண்டு பயப்பட எனக்கே ஆறு மாசம் ஆச்சும்மா. போகப் போகப் பழகிக்கிருமுல்ல?”

“இந்த ஊருணியில மிச்சமே பேசின்ல கிடக்கிற இந்த ஏழுதான்ணே.”