ஒன்பது சுற்று

அன்று அந்த ரயில்பாதை வளைவில் என்னோடு நின்றவர்கள்: என் தங்கை எட்னா, கண்டக்டர் ரூபன் ஆர்ச்சுலேட்டா, எங்கள் ஊர் டெல்பர்ட் ஸ்லோன், படம் பிடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் முப்பத்தேழு பேர். நடந்தது உண்மை. எங்கள் ட்ருவாக்ஸ் குடும்பத்தில் யாரும் கதை கட்டுவதில்லை.

1987 அக்டோபர். கொலராடோ மலைப்பாதை. சுற்றுலாவுக்கு ஓட்டும் பழைய நீராவி ரயில். அதன் வாலில், பார்வைக்காக மாட்டிய ஒரு சரக்குப் பெட்டி. கூரைமேல் கைப்பிரேக் சக்கரம்; அதைச் சுற்றினால் அடியில் ஒரு சங்கிலி தண்டில் சுற்றிப் பிரேக்கை இறுக்கும். 1931-இல் அதே கூரையில் பிரேக் போடும் வேலை பார்த்தவர் என் அப்பா. ஒரு நாள் வண்டி இறக்கத்தில் கட்டுமீறி ஓடியது. மூன்று பேர் செத்தார்கள். அப்பாவின் உடல் தனியாக, இந்த வளைவுக்குக் கீழே கிடந்தது. பிரேக் போடாமல் குதித்துவிட்டார் என்றது ஊர். அந்தச் சொல்லோடுதான் நாங்கள் வளர்ந்தோம்.

மணி 3.40. எல்லோரும் வளைவில் இறங்கினோம். வெறும் வண்டி பின்னோக்கி இறங்கிப் போனது. இனி முழுப் புகையோடு எங்கள் கேமராக்களுக்காக ஏறி வரும். இப்படிப் படம் பிடிப்பதுதான் வழக்கம்.

"பெரியவரே, உங்கப்பா குதிச்ச இடம் எது? அங்க கேமராவ வைக்கிறேன்," என்றான் டெல்பர்ட்.

"உன் வாயில வை," என்றாள் எட்னா.

நான் என் சினிமா கேமராவை ஓடவிட்டேன்.

3.52. விசில். எஞ்சின் எங்களைக் கடந்தது. பெட்டிகள் கடந்தன. அப்போது...

கிறீச்ச்ச்...

பிரேக் கட்டையின் சத்தம். சூடேறிய இரும்பின் வாடை. ஏற்றத்தில் யாரும் பிரேக் போடுவதில்லை.

"ரூபன், கூரையில யாரு?"

"யாருமில்லைங்க. நாற்பது பேரையும் தலை எண்ணிட்டுத்தான் வண்டிய அனுப்பினேன்."

கடைசிப் பெட்டி வந்தது.

கூரையில் குனிந்த முதுகு. கோட்டின் இடது தோளில் சாம்பல் நிற ஒட்டு.

எட்னா என் கையை இறுக்கினாள். "அண்ணா... அப்பா கோட்டுல அம்மா தெச்ச ஒட்டு..."

சக்கரம் சுற்றியது. எண்ணினேன். ஏழு... எட்டு... ஒன்பது...

டங்!

கூரை காலி.

படச்சுருளைக் கழுவிப் பார்த்தோம். ஆள் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றியது. ஒன்பது முறை.

அந்தக் குளிர்காலத்தில் பட்டறையில் அந்தப் பிரேக்கைப் பிரித்தார்கள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது. சம்மட்டியால் அடித்தும் அசையவில்லை. பல வருடமாகவே அப்படித்தானாம். அடியில், தண்டில் சங்கிலி ஒன்பது சுற்று சுற்றியிருந்தது. பத்தாவதில் அறுந்திருந்தது. அந்த உதறலில்தான் அப்பா கூரையிலிருந்து விழுந்திருக்கிறார்.

அப்பா குதித்தார் என்று டெல்பர்ட் இன்னும் சொல்லித் திரிகிறான்.

குதிக்கவில்லை. சங்கிலி அறுந்தது.