பின் சக்கரத்துக்கும் காற்று வேண்டும்

பட்டறையில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இன்ஜின் வேலைக்கு அடித்துக்கொள்வார்கள். ஓட வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நிறுத்த ஒருத்தி வேண்டாமா என்பாள் இவள். பதினெட்டு வருடமாக அதே வேலை. பஸ்ஸில் லேசாகத் தீய்ந்த வாடை வந்தால் போதும், "முதல்ல பிரேக்கைப் பாக்கச் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போய்விடுவாள். புருஷன் யாரோ எவரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பல் டாக்டர் ஒருவரின் ஸ்போர்ட்ஸ் கார் அவளிடம் வந்தது. டயர் கடையில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் அதை ஓட்டுவான். ஆறாவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. காரைச் செய்தவர்கள் முன் பிரேக்குக்குக் காற்று போக வழி வைத்துவிட்டுப் பின் பிரேக்கை அம்போவென்று விட்டிருந்தார்கள். பக்கத்திலேயே சைலன்சரின் சூடு வேறு. பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால், மிதிக்கிற கால் தரையில் போய் இடிக்கும், கார் நிற்காது.

மூன்று வாரம் காருக்கடியில் மல்லாந்து கிடந்தாள். அடித்தட்டில் காற்றை வாங்க இரண்டு வாய், அங்கிருந்து பின் பிரேக் டிஸ்க்கின் நடுவுக்கு மூன்று அங்குலக் குழாய், சைலன்சருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு. அதன் பிறகு பதினைந்து சுற்று ஓட்டியும் பெடல் கெட்டியாகவே நின்றது.

போட்டியன்று காலை, எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று அடியில் புகுந்தவளுக்குப் பகீரென்றது. குழாய்களைக் காணோம். காற்றுவாய் இருந்த இடத்தில் பளபளவென்று மூடி.

"யாரு சார் கழட்டுனது?"

"நான்தாம்மா" என்றார் டாக்டர். "போட்டோ எடுக்க வந்தாங்க. பின்னாடி தும்பிக்கை மாதிரி தொங்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. குழாயெல்லாம் வீட்டு மாடியில கெடக்கு. பத்து சுத்துதானே, தாங்கும்."

அவளுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. என்ன மனிதர் இவர்! படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக அடுத்தவன் உயிரோடு விளையாடியிருக்கிறார், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

"ஆறாவது சுத்துல கொதிச்சதை உங்க கண்ணாலதானே பாத்தீங்க? என் தம்பி ஓட்டமாட்டான்."

ஹெல்மெட்டோடு நின்ற தம்பி அவள் கையைப் பிடித்தான். "அக்கா, சும்மா இரு. இன்னிக்கு விட்டா அவரு வேற ஆளை வச்சுக்குவாரு. நான் பாத்து ஓட்டிக்கிறேன்."

"எதைடா பாத்து ஓட்டுவ? கால் தரையில இடிக்கிறதையா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சும்மா பயமுறுத்தாதம்மா. ஒண்ணும் ஆகாது."

"ஆகாதா?" அவள் தம்பியிடமிருந்த சாவியைப் பிடுங்கி டாக்டரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "அப்ப நீங்க ஏறுங்க சார். உங்க வண்டிதானே. பத்தே சுத்து."

டாக்டர் சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"எனக்கு... ரெண்டு நாளா இடுப்பு வலி" என்றார்.

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினான்.